பளீல் மச்சான் விட்ட சிகரட்

கண்டி, கொழும்பு வீதி
1932 செப்டம்பர் 4

மதிப்புக்குரிய மச்சான் பளீல் அவர்களுக்கு,

ஸலாம். நீங்களும் என் தங்கச்சி அனீஸாவும் காலியில் கடற்காற்றோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ரபீகா சுகம். நான் பாதிச் சுகம். அதாவது இடது கால் சுகம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். வலது காலில் சுண்டுவிரல் இருந்த இடத்தில் பெரிய கட்டு. நீங்கள் லீவு முடிந்து ரயிலேறிய மறுநாள் யாழ்ப்பாணத்து டொக்டர் திரும்பவும் என் கட்டிலருகே வந்து நின்றார்.

"தாஸிம், உமக்கு வயது முப்பத்திநாலு. நாளுக்கு முப்பது சிகரட் பத்துறீர். அந்தப் புகை உம்மட காலுக்குப் போற இரத்தக் குழாயை அடைச்சுப் போட்டுது. ரெண்டில ஒண்டை விடும். சிகரட்டை, அல்லது காலை. எது வேணுமெண்டு நீரே சொல்லும்."

நான் தையற்காரன். மெஷின் மிதிக்கிற காலைக் கேட்கிறார். சிகரட்டை விடுகிறேன் என்றேன். அவர் சிரிக்கவுமில்லை, நம்பவுமில்லை. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நீங்கள் வார்டில் என் கையைப் பிடித்து, "நீங்க விட்டா நானும் விட்டேன் மச்சான், இண்டையிலிருந்து ரெண்டு பேரும்" என்று சத்தியம் செய்தீர்களே, அது இல்லாவிட்டால் ஒன்பது நாளும் ஓடியிராது. ஆனாலும் உண்மையை எழுதுகிறேன். ஒன்பது நாளில் இரண்டு பற்றிவிட்டேன். மறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியம் உங்களோடு செய்தது. உங்களிடமே மறைத்தால் பிறகு யாரிடம் சொல்வது?

உங்களுக்கு எப்படிப் போகிறது? எழுதவும்.

துஆவை எதிர்பார்க்கும்,
தாஸிம்


காலி கோட்டை
1932 செப்டம்பர் 8

அன்பிற்கினிய மச்சான் தாஸிம் அவர்களுக்கு,

காலிக் கோட்டையிலிருந்து பளீல் அனுப்பும் ஸலாம் உங்களை நலத்தோடு வந்தடையட்டும். உங்கள் கால் ஆறவும் ரபீகாவின் கவலை தீரவும் தொழுகைதோறும் துஆக் கேட்கிறேன்.

கடிதம் கிடைத்தது. இரண்டு சிகரட்டுக்காக மனம் தளர வேண்டாம். எனக்கோ இறைவன் அருளால் ஒரு தொல்லையும் இல்லை. வார்டிலிருந்து வெளியே வந்த கையோடு சிகரட் டின்னை அப்படியே வாவியில் வீசினேன். மருதானையில் வண்டி மாறக் காத்திருந்தபோது பக்கத்தில் நின்றவர் பற்றினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவ்வளவுதான். கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் என்னை ஆச்சரியத்தோடு பார்க்கிறார்கள்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். விடிந்ததும் ஒரு கோப்பை வெந்நீர். சோற்றுக்குப் பின் ஒரு ஏலக்காய். பின்னேரம் ஆசை வந்தால் கராம்பு. மஃரிபு தொழுகைக்கு முன் நல்ல நடை. நான் தினமும் கோட்டை மதில்மேல் ஒரு சுற்று நடக்கிறேன். கடற்காற்று நெஞ்சை நிரப்பும்போது புகை நமக்கு எதற்கு என்றே தோன்றுகிறது. மனத்தை உறுதியாக வைத்தால் ஆகாத காரியமில்லை.

என்றும் உங்கள் நலம் நாடும்,
பளீல்

நானா, காலை நனைக்காதீர்கள். மதினி சொல்வதைக் கேளுங்கள். இவர் விட்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீங்களும் விட்டுவிடுவீர்கள். — அனீஸா


கண்டி
1932 அக்டோபர் 2

மச்சான் அவர்களுக்கு ஸலாம்.

உங்கள் இருவரின் சுகத்துக்கும் அல்லாஹ் போதுமானவன். என் சுகத்தைக் கேட்காதீர்கள்.

நடக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். எந்தக் காலால் மச்சான்? திருகோணமலை வீதி முனைவரை போவதற்குள் கெண்டைக்கால் இறுகிப்போய், யார் வீட்டு வாசலிலாவது நிற்க வேண்டியிருக்கிறது. கராம்பு மென்று மென்று நாக்கு மரத்துப்போய் ரபீகாவின் ஆணத்துக்கு உப்பில்லை என்று சண்டை பிடித்தேன். உப்பு இருந்ததாம். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

கடையில் இன்னும் மோசம். தோட்டத்துத் துரை ஒருவரின் கோட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பதினாறு வருஷத்தில் இப்படி ஒன்று செய்ததில்லை. பிரித்துத் தைக்க உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோர்க்கவே கை நிலைக்கவில்லை. இஸ்திரி போடுகிற அழகமுத்து ஹந்தானைத் தோட்ட லயத்திலிருந்து தினமும் இறங்கி வருகிற மனுஷன், ஐம்பது வயது. இஸ்திரிப் பெட்டிக் கரியிலேயே பீடியைப் பற்றவைப்பது அவர் பழக்கம். பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மொதலாளி, நான் வெளிய போயி குடிச்சுட்டு வரட்டுங்களா?"

"எங்கயாவது போங்க. எனக்கு மணக்காமக் குடியுங்க."

"காத்து இந்தப் பக்கந்தானேங்க அடிக்குது. அதுக்கு நான் என்னங்க செய்யிறது?"

அவர்மேல் அளவு நாடாவை வீசி எறிந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு, அவரிடமே ஒரு பீடி வாங்கிக் குடித்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் சிகரட் மூன்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏலக்காய் கராம்பு வேண்டாம். சோறு தின்று கை கழுவிய பிறகு ஒரு பத்து நிமிஷம் வருகிறதே, உலகத்தில் வேறொன்றுமே இல்லாததுபோல, அந்தப் பத்து நிமிஷத்தை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள்? உங்களுக்குக் கை நடுங்கவில்லையா? தூக்கம் போகவில்லையா? அனீஸாவோடு சண்டை பிடிக்கவில்லையா? நடந்தது நடந்தபடி எழுதுங்கள். எனக்கு அது வேண்டும்.

தாஸிம்


காலி கோட்டை
1932 அக்டோபர் 23

பேரன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

ஸலாம் பல. இங்கு மழை, ஆனாலும் நாங்கள் நலமே. அங்கும் எல்லோரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கந்தோரில் கப்பல் வேலை அதிகமாதலால் பதில் தாமதித்துவிட்டது.

ஒரு மகிழ்ச்சியான செய்தி. எங்கள் வாலிபர் சங்கத்தில் சென்ற ஞாயிறு 'புகையிலையின் கேடு' என்ற தலைப்பில் என்னைப் பேச அழைத்தார்கள். அறுபது பேர் இருந்தார்கள். ஒரே நாளில் விட்ட என் அனுபவத்தைச் சொன்னேன். கண்டியில் எனக்கு ஒரு உறவினர் இருக்கிறார், கால் விரலை இழந்தும் அவரால் விட முடியவில்லை, அப்படிப்பட்ட வலுவான பேய் இது என்றும் எடுத்துக் கூறினேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, வருந்த வேண்டாம். எல்லோரும் உருகிப்போனார்கள். இரண்டு வாலிபர்கள் அங்கேயே பெட்டிகளைக் கிழித்துப் போட்டார்கள். அடுத்த மாதம் வெலிகமையில் பேசக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே மச்சான், உறுதி ஒன்றுதான் வேண்டும். மற்றவை தானாக வரும்.

உங்கள் மீட்சியை வேண்டும்,
பளீல்


கண்டி
1932 நவம்பர் 29

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். சுகம். உங்கள் சுகமும் தொடரட்டும்.

நானும் சிகரட்டை விட்டுவிட்டேன். கால் நன்றாக இருக்கிறது. இனி இதைப் பற்றி நாம் எழுதிக்கொள்ளத் தேவையில்லை. வெலிகமையில் கண்டி உறவினரைப் பற்றிப் பேசவும் தேவையில்லை.

அனீஸா ஏன் போன கடிதத்தின் அடியில் ஒரு வரியும் எழுதவில்லை? அவளுக்குச் சுகமில்லையா?

தாஸிம்


கண்டி
1933 ஜனவரி 16

அன்புள்ள அனீஸாவுக்கு ரபீகா மதினி எழுதுவது.

ஸலாம். நோன்பு உங்களுக்கு இலேசாக இருக்கட்டும். இங்கே இன்று பதினெட்டாம் நோன்பு. இந்தக் கடிதம் உன் நானாவுக்குத் தெரியாது. அவர் கடையில். பெருநாள் உடுப்புகள் மலைபோலக் குவிந்திருக்கின்றன.

அவர் விட்டுவிட்டதாக உங்களுக்கு எழுதினார் அல்லவா? விடவில்லை அனீஸா. ஒளித்துப் பற்றுகிறார். நோன்பு நாளில் பகல் முழுவதும் எச்சில்கூட விழுங்காத மனுஷன், பள்ளியில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுக் கக்கூசுக்குப் பின்னால் போய்விடுகிறார். மூன்று, நான்கு என்று பற்றிவிட்டுத்தான் தொழவே வருகிறார். வாயை ஏழு தரம் கொப்பளிக்கிறார். எனக்குத் தெரியாதாம்.

இப்போது சுண்டுவிரலுக்கு அடுத்த விரலும் கறுத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றால், "எந்த முகத்தோட அந்த டொக்டருக்கு முன்னால போய் நிக்கிற?" என்கிறார். நேற்று நான் அழுதுவிட்டேன். அப்போதுதான் மனதிலிருந்ததைச் சொன்னார்.

"பளீல் ஒரே நாளில விட்டான். ஒரு தொல்லையும் இல்லாம விட்டான். எனக்கு விரல் போயும் ஏலாம இருக்கு. அப்ப பிழை சிகரட்டில இல்ல ரபீகா, என்னில. நான் அப்படிப் பிறந்த ஆள். காலும் போகட்டும். விடு."

உன் மாப்பிள்ளையிடம் சொல்லி ஒரு தடவை இங்கே வரச் சொல்லேன். எப்படி விட்டார் என்று பக்கத்தில் இருந்து சொன்னால் இவர் கேட்பார். வேறு யார் சொல்லையும் இவர் கேட்கமாட்டார்.

பெருநாளைக்கு முன் பதில் போடு.

ரபீகா


காலி கோட்டை
1933 ஜனவரி 22

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மதினி எழுதினா. அவவைக் கோபிக்க வேண்டாம். இதை உட்கார்ந்து வாசியுங்கள்.

இவர் சிகரட்டை விடவில்லை. கண்டியிலிருந்து வந்த முதல் சில நாள் விட்டிருந்தது உண்மை. அக்டோபரிலேயே கோட்டில் மணக்கத் தொடங்கிவிட்டது. கேட்டால் கந்தோரில் மற்றவர்கள் பற்றுகிற புகை என்றார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் அந்தக் கடிதத்தின் அடியில் நான் ஒன்றும் எழுதவில்லை. பொய்யாயிருந்தால் அதற்குக் கீழே என் பெயர் வேண்டாம் என்று இருந்தேன். நோன்புப் பிறை பார்க்க அயல் வீட்டுப் பெண்களோடு மதிலுக்குப் போனேன். பிறையைத் தேடிய பக்கத்திலேயே இவர் தனியாக நின்று பற்றிக்கொண்டிருந்தார். எல்லோரும் பார்த்தார்கள். பெண்கள் திரும்பி நடந்தார்கள். நான் வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. அது என் பிழை.

மதினியின் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இவருக்கு முன்னால் வைத்தேன்.

"நீங்க வாசிக்கிறீங்களா, நான் வாசிக்கவா?"

"நீயே வாசி."

வாசித்தேன். விரல் கறுத்த இடம் வந்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். முடிந்ததும் சொன்னேன்: "நானா உங்களப் பார்த்துத்தானே தன்னை உதவாதவன் எண்டு நினைக்கிறார். ஒரு வரி எழுதுங்க. நானும் விடல்ல எண்டு எழுதுங்க."

"அப்படி எழுதினா அவனுக்குச் சாட்டு கிடைச்சிடும் அனீஸா. பளீலும் பத்துறான்தானே எண்டு இன்னும் பத்துவான்."

"சாட்டு கிடைச்சாக் கிடைக்கட்டும். இப்ப கால் போகுது."

பேனாவை எடுத்தார். பிறகு, "எனக்குக் கை வராது" என்று வைத்துவிட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

நானா, நீங்கள் கெட்டிக்காரருமில்லை, உதவாதவருமில்லை. இது எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் தங்கச்சி,
அனீஸா


கண்டி ஆஸ்பத்திரி
1933 பெப்ரவரி 14

பளீல்,

இன்றைக்கு உன்னை 'நீங்கள்' என்று எழுதக் கை வரவில்லை. என் தங்கச்சியைக் கட்டுகிறவரைக்கும் நாம் நீ, நான்தானே. ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன்.

இரண்டாவது விரலையும் எடுத்தாகிவிட்டது. பத்து நாள் முந்தி. டொக்டர் என்னைத் திட்டவில்லை. "பிந்தி வந்திட்டீர்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நாலு மாதம் பளீல். நாலு மாதமாக இலங்கை முழுவதிலும் முதுகெலும்பில்லாத ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். சோற்றுக்குப் பின் அந்தப் பத்து நிமிஷத்தை எப்படிக் கழித்தாய் என்று கேட்டேனே, நீ ஏன் அதற்குப் பதில் எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது. உனக்கும் தெரியாது! தெரியாதென்று எழுதியிருந்தால் போதும். 'எனக்கும் கை நடுங்குகிறது தாஸிம்' என்று ஒரு வரி. அதற்குப் பதிலாக அறுபது பேருக்கு முன்னால் என் விரலைக் காட்டிக் கைதட்டு வாங்கினாய்.

நானும் பொய் எழுதினேன். நவம்பரில் விட்டுவிட்டேன் என்று எழுதியது பொய். உன் பிரசங்கத்தை வாசித்தபிறகு உண்மையை எழுத வெட்கமாக இருந்தது. அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. அதை உன் தலையில் போடவில்லை.

இன்னுமொன்று. அனீஸாவின் கடிதம் வந்த அன்று நோன்பு திறந்துவிட்டு வழக்கம்போல் பின்பக்கம் போனேன். பெட்டியைத் திறந்தேன். அங்கே நீ மதிலில் ஒளிந்து நின்று பற்றுகிறாய், இங்கே நான் கக்கூசுக்குப் பின்னால். கல்யாணம் முடித்த இரண்டு ஆம்பிளைகள். இடையில் நூற்றைம்பது மைல். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபத்தில் பெட்டியைக் கசக்கிக் குழிக்குள் போட்டேன். அடுத்த நாளும் கோபம் தீரவில்லை. இன்றைக்கு இருபத்தோராவது நாள். ஒன்றுகூடப் பற்றவில்லை.

மன உறுதி என்று நினைத்துவிடாதே. உன்மேலுள்ள கோபத்தில் விட்டிருக்கிறேன். கோபம் தீர்ந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அதனால் இப்போதைக்கு மன்னிப்பதாக இல்லை.

தாஸிம்


கண்டி
1933 ஏப்ரல் 20

மச்சான் அவர்களுக்கு,

ஸலாம். இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அனீஸா எழுதுகிறாள், நீங்கள் சாப்பிடுகிறீர்கள், கந்தோருக்குப் போகிறீர்கள், பேசுவதில்லை என்று எழுதுகிறாள்.

எண்பத்தாறு நாள். காயம் மூடிவிட்டது. கால் சூடாக இருக்கிறது. தொட்டுப் பார்த்து டொக்டரே தலையை ஆட்டினார். மெஷின் மிதிக்கத் தொடங்கிவிட்டேன். கோபமும் தீர்ந்துவிட்டது, அதுதான் இப்போது தொல்லை. இரண்டு மாதம் போனால் இலேசாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். பொய். சில நாள் ஒரு காரணமும் இல்லாமல் காலையிலேயே வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறது. பொத்தான் ஒன்று உருண்டு விழுந்தால்கூட அழுகை வருகிறது, எரிச்சல் வருகிறது.

வருஷப் பிறப்புக்கு மறுநாள் அழகமுத்து பலகாரம் கொண்டுவந்தார். சந்தோஷத்தில் மறந்துபோய்ப் பழைய பழக்கத்தில் ஒரு பீடியையும் நீட்டிவிட்டார். நானும் வாங்கிவிட்டேன். வாயில் வைத்தும்விட்டேன். "ஐயோ மொதலாளி, குடுங்க இங்க!" என்று என் வாயிலிருந்து பிடுங்கித் தெருவில் எறிந்தார். எறிந்த கையைப் பிடித்துக் கடிக்கலாம்போல இருந்தது. பத்து நிமிஷம் கழித்து அதே கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? ரபீகாவுக்கு நான் பற்றாவிட்டால் போதும். டொக்டருக்குக் காலைத்தான் தெரியும். இதற்குள்ளே இருக்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான். ஏதாவது எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தாஸிம்


காலி
1933 மே 6

தாஸிம்,

ஸலாம். நலம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை; ஆனாலும் கேட்கிறேன். கால் எப்படி?

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போடும்படி அனீஸாவிடம் கொடுக்கிறேன்.

நான் எழுதிய முதல் கடிதம் எழுதும்போது பொய்யில்லை. அன்று வரை விட்டிருந்தேன். அதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிற வழியிலேயே கடையில் வாங்கினேன். ஏனென்று கேட்காதே. ஒரு நல்ல காரியம் செய்து முடித்துவிட்டதுபோல இருந்தது, அதனால் ஒன்று பற்றலாம் என்று தோன்றியது. பிறகு எழுதியதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு கடிதமும் முன்னையதைக் காப்பாற்ற எழுதியது. நீ கேள்வி கேட்டாய். நான் பிரசங்கம் எழுதினேன்.

வார்டில் உன் காலிலிருந்த கட்டைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது ஒன்றுதான். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது உன் வாயில் முதல் சிகரட்டை வைத்தது நான். நீ வேண்டாமென்றாய். பெண்பிள்ளையா என்று கேட்டேன். உனக்கு அது மறந்திருக்கலாம். அந்தச் சத்தியத்தைச் செய்தது அதனால்தான். அதைக் காப்பாற்ற முடியவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது?

சங்கத்தில் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கம். கூட்டங்களுக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டேன். நேற்று இருபத்திநாலு. இன்று இதை எழுதும்வரை பதினொன்று.

எனக்கு ஏலாது தாஸிம்.

பளீல்


கண்டி
1933 மே 12

பளீல் மச்சானுக்கு,

ஸலாம். கால் சுகம். மூன்று விரலும் நானும் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

பதினாறு வயதில் நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம். அதன்பிறகு பதினெட்டு வருஷம் நானே காசு கொடுத்து வாங்கி நானே வாயில் வைத்தேன். அதனால் அதை மூட்டை கட்டி வையுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். நீங்கள் எழுதியதிலே எனக்குப் பிரயோசனப்பட்ட கடிதம் இது ஒன்றுதான். 'நேற்று இருபத்திநாலு, இன்று பதினொன்று.' இதைத்தான் நான் செப்டம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூனில் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு வாருங்கள். கடையில் என் பக்கத்தில் உட்காருங்கள். நான் புத்தி சொல்லமாட்டேன். என்னிடம் புத்தி கிடையாது. நீங்கள் எரிந்து விழுந்தால் நானும் எரிந்து விழுவேன். சோற்றுக்குப் பிறகு பத்து நிமிஷம் வருமே, அதை இரண்டு பேருமாகத் திட்டித் தீர்ப்போம். ரபீகாவிடமும் சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் அறையைக் கூட்டி வைத்திருக்கிறாள்.

தாஸிம்


கண்டி
1933 ஜூன் 26

அன்புள்ள தங்கச்சி அனீஸாவுக்கு,

ஸலாம். நீ தனியாக இருந்த நாட்களில் உடம்பைக் கவனித்துக்கொண்டாயா? இங்கே ரபீகா சுகம், நான் சுகம், உன் மாப்பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்.

அவர் எழுதமாட்டார், அதனால் நடந்ததை நான் எழுதுகிறேன். முதல் நாள் நல்ல பிள்ளையாக இருந்தார். இரண்டாம் நாள் ரபீகாவின் தேத்தண்ணீர் சூடில்லை என்று கோப்பையைத் தட்டிவிட்டார். மத்தியானம் சோற்றுக்குப் பிறகு கடையில் என் கத்தரிக்கோலை எடுத்து ஒரு நல்ல கம்பளித் துண்டைக் கீலம் கீலமாக வெட்டினார். வெட்டட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"கந்தோரில அவசர வேலையாம். நான் போகோணும்."

தந்தியும் வரவில்லை, தபாலும் வரவில்லை. "சரி, போங்க" என்றேன். காலைப் பிடித்தா நிறுத்த முடியும்? அழகமுத்து ரயிலடி வரைக்கும் பெட்டியைத் தூக்கிப் போனார். நான் அந்தப் பகல் முழுவதும் மெஷினில் இருந்தேன். ஒரு களிசான்கூடத் தைக்கவில்லை. எனக்கும் அன்று ஆசை நெஞ்சை அடைத்தது, சொல்லி வேலையில்லை. அவராலும் முடியவில்லை, இனி என்ன என்று இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்தேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்து தைக்கத் தொடங்கியிருப்பேன், வாசலில் நிழல் தட்டியது. பெட்டியோடு நிற்கிறார். வேர்த்துப்போய், தொப்பி கையில்.

"கடுகண்ணாவையில இறங்கிட்டேன் மச்சான்."

"ஏன்?"

"கணவாயில வண்டி இறங்க முந்தி ஒண்டு பத்தோணும் போல இருந்திச்சு. ஸ்டேஷனுக்குப் பின்னால போனேன். அங்க என்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்ல தாஸிம். ஒரு குஞ்சு குருமானும் இல்ல. அப்பவும் நான் ஒரு மரத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சு நிண்டு பத்துறேன். யாருக்கு ஒளிக்கிறேன் எண்டு எனக்கே விளங்கல்ல. வண்டி போயிட்டு. மேல வார வண்டி வரும்வரை அந்த மரத்தடியிலேயே இருந்தேன்."

"எத்தனை பத்தினீங்க?"

"ஒண்டு."

நான் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். அவர் வாசலிலேயே நின்றார். அழகமுத்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு," என்றார். "ரெண்டு பத்தினேன்."

மெஷினை நிறுத்தினேன். "இரிங்க மச்சான்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அன்றிலிருந்து பதினொரு நாள். இடையில் எங்களுக்குள் ஒன்பது சண்டை. அழகமுத்து, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வேலை பாக்குறதுக்கு நான் மலையில கொழுந்தே எடுக்கலாங்க" என்கிறார். நாளைக் காலை வண்டியில் இவரை அனுப்புகிறேன். இனிப் பற்றமாட்டார் என்று நான் உனக்கு வாக்குத் தரமாட்டேன். எனக்கே நான் அப்படித் தருவதில்லை. காலையில் எழும்பி அன்றைக்கு மட்டும் பார்க்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒருநாள் அவர் வீட்டுக்குள் வந்து, 'இண்டைக்கு ஒண்டு பத்திட்டேன்' என்று சொன்னால் திட்டாதே. இரண்டு என்று திருத்தினாலும் திட்டாதே. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இரு. ஒரு தொல்லையும் இல்லை என்று சிரித்துக்கொண்டு வந்தால், அன்றைக்கு மட்டும் உடனே எனக்கு எழுது. அடுத்த வண்டியில் வருகிறேன்.

உங்கள் இருவரையும் அல்லாஹ்வின் பொறுப்பில் விடும்,
நானா தாஸிம்